முத்திரையும் மாத்திரையும்

மதியச் சாப்பாடு முடிந்ததும் என் மனைவி ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்காருவாள். பட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டு அத்தனை தண்ணீரையும் குடித்துமுடிப்பாள். பிறகு சுவரில் தொங்கும் நாட்காட்டியில் அன்றைய தேதியின் மேல் பென்சிலால் ஒரு கோடு. நடுவில் நிறுத்திய சில மாதங்களைத் தவிர, 15 வருடங்களாக இது நடக்கிறது. அந்தக் கோட்டுக்கு ஒரு கதை உண்டு, பின்னால் சொல்கிறேன்.

பிரெஞ்சில் ‘கஷே’ என்று ஒரு சொல். முத்திரை என்று அர்த்தம். என் அப்பா பிரெஞ்சுக்காரர் காலத்து நிர்வாகத்தில் எழுத்தராக இருந்தவர். அலுவலக ரப்பர் முத்திரையைக் கடைசிவரை கஷே என்றுதான் சொல்வார். அதே சொல்லுக்கு மாத்திரை என்றும் பொருள் உண்டு. ‘ஒரு கஷே ஆஸ்பிரின்’ என்றால் ஒரு ஆஸ்பிரின் மாத்திரை. பள்ளியில் இந்த இரட்டை அர்த்தத்தை மனப்பாடம் செய்தபோது, அறுபது வயதை நெருங்கும்போது இரண்டும் ஒரே விஷயத்தில் வந்து சேரும் என்று நான் நினைக்கவில்லை.

2009 மார்ச் மாதம். அவளுக்குக் கண்புரை அறுவைக்கு நாள் குறித்திருந்தார்கள். அதற்கு முன் வழக்கமான ரத்தப் பரிசோதனை. வெள்ளணுக்கள் பதினோராயிரத்துக்குள் இருக்க வேண்டும். அவளுக்கு 1,86,000. ரத்தம் எடுத்த பையன் எண்ணில் தப்பு நேர்ந்திருக்கும் என்று மறுபடி எடுத்தான். மறுபடியும் அதே கதைதான். யோசித்துப் பார்த்தால் அறிகுறிகள் இருந்தன. இரண்டு மாதமாக நாலு இட்லி சாப்பிடுகிறவள் இரண்டோடு எழுந்துவிடுவாள், வயிறு நிறைந்துவிட்டது என்பாள். இடது விலாவுக்குக் கீழே பாரமாக இருக்கிறது என்பாள். வாயு என்று சொல்லிப் பெருங்காயம் கரைத்துக் கொடுத்தேன். அது வாயு இல்லை, வீங்கிய மண்ணீரல் இரைப்பையை நெருக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள். பத்து நாள் கழித்து டாக்டர் கூப்பிட்டார். இளம் பெண், எங்கள் மகளைவிடச் சின்னவர். காகிதத்தில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. ஆங்கிலம் எனக்கு மூன்றாவது மொழி. வீட்டில் தமிழ், பள்ளியில் பிரெஞ்சு. ஆங்கிலம் வேலைக்குச் சேர்ந்த பிறகு கோப்புகளில் பொறுக்கியது. ‘புட் அப் ஃபார் ஆர்டர்ஸ்’ என்று எழுத வரும், மருத்துவ அறிக்கை படிக்க வராது. ஆனால் ஒரு வரியில் மூன்று சொற்களைப் பார்த்ததும் பிரெஞ்சில் அவை தாமாகவே மாறிக்கொண்டன: லூசெமி மியெலோயித் குரோனிக். நாள்பட்ட ரத்தப் புற்றுநோய். அது புரிந்த அளவுக்குப் புரிந்தது போதும் என்று அந்த நிமிடம் தோன்றியது.

டாக்டர், “அம்மா, இதுக்கு மாத்திரை இருக்கு. தினம் ஒண்ணு போட்டா போதும்” என்றார்.

“எத்தனை நாளைக்கும்மா?” என்று அவள் கேட்டாள்.

“எப்பவுமே” என்றார் டாக்டர்.

வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்ததும் அவள் சொன்ன முதல் வார்த்தை: “புத்துநோய்க்கு மாத்திரையாம். நம்மகிட்ட மறைக்கிறாங்கங்க.” எனக்கும் அந்தச் சந்தேகம்தான். எங்கள் தெருவில் அந்த நோய் வந்தவர்கள் முடி கொட்டி, எலும்பும் தோலுமாகித்தான் போனார்கள். தலைவலி மாத்திரை போல ஒன்றைக் கொடுத்து இதைப் பிடித்து நிறுத்த முடியும் என்றால் யார் நம்புவது?

நம்புவதற்காகத்தான் படிக்க ஆரம்பித்தேன். அவளுடைய தம்பி மகன் பாரீஸ் அருகே இருக்கிறான். நோயாளிகளுக்காக அங்கே எளிய பிரெஞ்சில் அச்சிட்ட சிறு புத்தகங்கள் சிலவற்றை அனுப்பினான். கூடவே “மாமா, முதல்ல படம் போட்டதைப் படிங்க” என்று ஒரு துண்டுச் சீட்டு. ஐம்பது வருடம் கழித்து ‘செலுல்’, ‘நுவாயோ’ என்ற சொற்களைப் பார்த்தபோது எங்கள் இயற்கை அறிவியல் முசியே கலர் சாக்பீஸில் உயிரணு வரைந்த கரும்பலகை கண்முன் வந்தது. எங்கள் பழைய பாடப்புத்தகத்தில் மனிதனுக்கு 48 குரோமோசோம்கள் என்று அச்சாகியிருந்தது. முசியே எல்லோரையும் அதை அடித்துவிட்டு 46 என்று மையால் எழுதச் சொன்னார். சரியான எண்ணிக்கை 1956இல்தான் தெரியவந்தது, புத்தகம் அதற்கு முந்தையது. அச்சடித்ததையும் அடிக்கலாம் என்று நான் கற்றுக்கொண்டது அன்றுதான்.

அந்த 46இல் ஒன்று அளவில் குட்டையாக இருப்பதை 1960இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு என்ற இருவர் கண்டார்கள். இந்த வகை ரத்தப் புற்றுநோய் உள்ளவர்களிடம் அது இருந்தது. ஊர்ப் பெயரையே அதற்கு வைத்தார்கள். குட்டையானது ஏன் என்று 13 வருடம் யாருக்கும் தெரியவில்லை. 1973இல் சிகாகோவில் ஜேனட் ரௌலி என்ற பெண்மணி, குரோமோசோம் புகைப்படங்களைக் கத்தரியால் வெட்டி, தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் பரப்பி வரிசைப்படுத்திப் பார்த்துக் கண்டுபிடித்தார். 22ஆம் குரோமோசோமின் வால் தொலைந்து போகவில்லை, 9ஆம் குரோமோசோமில் போய் ஒட்டியிருக்கிறது. 9இன் நுனி இதற்கு வந்திருக்கிறது. இரண்டும் துண்டுகளை மாற்றிக்கொண்டிருக்கின்றன. இரண்டு கோப்புகள் கிழிந்து, ஒன்றின் பின்பாதியை இன்னொன்றின் முன்பாதியோடு சேர்த்துத் தைத்த மாதிரி. எங்கள் பதிவறையில் அப்படி நடந்ததுண்டு. ஒருவருடைய ஓய்வூதியக் கோப்பின் பாதியில் வேறொருவருடைய வீட்டுக்கடன் புகுந்து, அதைப் பிரித்தெடுக்க எங்களுக்கு ஒரு மழைக்காலம் ஆனது.

தப்பாகத் தைத்த அந்த இடத்தில் உண்டாகும் புரதம்தான் நோய்க்கு வேர். அது என்ன செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு என் 36 வருட உத்தியோகம் உதவியது.

ஒரு உயிரணு தானாகப் பெருகாது. அதற்கு வெளியிலிருந்து கடிதம் வர வேண்டும். ‘ரத்தம் போயிருக்கிறது, புது அணுக்கள் தேவை’ என்பது போன்ற செய்தியோடு ஒரு வளர்ச்சிப் பொருள் வந்து உயிரணுவின் மேல்தோலில் இருக்கும் வாங்கியில் உட்காரும். அதுதான் தபால் பிரிவு. தபால் பிரிவு அதை உள்ளே அடுத்த மேசைக்குத் தள்ளும், அது அடுத்ததற்கு, இப்படியே போய் உட்கருவில் ‘பிரிந்து இரண்டாகு’ என்ற உத்தரவாகும். மேசைக்கு மேசை எப்படித் தள்ளுகிறார்கள்? முத்திரை குத்தி. பாஸ்பேட் என்ற சிறு துணுக்கை ஒரு புரதம் இன்னொரு புரதத்தின் மேல் ஒட்டும். ஒட்டியதும் அந்தப் புரதம் வடிவம் மாறி விழித்துக்கொள்ளும், அடுத்ததன் மேல் குத்தும். இப்படி முத்திரை குத்தும் புரதங்களுக்குக் கைனேஸ் என்று பெயர். முத்திரைக்கு மை ஏ.டி.பி. என்ற பொருளிலிருந்து வருகிறது. வேலை முடிந்ததும் முத்திரையை அழிக்க வேறு புரதங்கள் இருக்கின்றன. அழிக்கிறவர் இல்லாவிட்டால் அலுவலகம் ஓடாது, இது அரசு ஊழியர் யாருக்கும் தெரியும். முத்திரை ஒட்டலாம், திரும்ப எடுக்கலாம் என்ற இந்த ஏற்பாட்டை 1950களில் கண்டறிந்த எட்வின் கிரெப்ஸ், எட்மண்ட் ஃபிஷர் இருவருக்கும் 1992இல்தான் நோபல் பரிசு வந்தது. ஃபிஷர் ஜெனீவாவில் படித்தவர், பிரெஞ்சு பேசும் ஊர் என்பதால் எனக்கு அவர்மேல் ஒரு சொந்தம்.

ஆபேல் என்று ஒரு முத்திரை எழுத்தர் நம் எல்லோருடைய அணுக்களிலும் உண்டு. நல்ல ஊழியர். தேவையில்லாதபோது தன் கையைத் தானே மடக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். என் மனைவியின் மஜ்ஜையில் ஏதோ ஒரே ஒரு அணுவில் அந்த இரண்டு குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டபோது, கையைக் கட்டும் அந்தக் கயிறு அறுந்தது. கட்டு இருந்த இடத்தில் பி.சி.ஆர். என்ற வேறொரு புரதத்தின் துண்டு வந்து ஒட்டிக்கொண்டது. அந்தத் துண்டுக்கு ஜோடி சேரும் குணம். இரண்டு இரண்டாகச் சேர்ந்து ஒருவர் மேல் ஒருவர் முத்திரை குத்தி எழுப்பிக்கொள்வார்கள். பிறகு கடிதமே வராத மேசையில் இரவும் பகலும் முத்திரை விழுந்துகொண்டிருக்கும். பெருகு என்று ஒரு முத்திரை. சாக வேண்டிய வயதான அணுவைச் சாகாதே என்று இன்னொரு முத்திரை. மஜ்ஜையில் இருந்து பக்குவப்பட வேண்டியதை முன்னதாகவே வெளியே போ என்று மூன்றாவது. 1,86,000 அப்படி வந்ததுதான்.

புற்றுநோய் என்றால் வெளியிலிருந்து ஏதோ வந்து தின்கிறது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். நம் ஊழியரே, நம் முத்திரையாலேயே செய்வது என்பது எனக்கு அதிர்ச்சிதான். இதில் ஒரு வரலாறும் உண்டு. கோழிக்குக் கட்டி உண்டாக்கும் வைரஸ் ஒன்றை 1911இல் பெய்டன் ரௌஸ் கண்டுபிடித்தார். அந்த வைரஸில் கட்டிக்குக் காரணமான மரபணுவை வைரஸ் எங்கிருந்து பெற்றது என்று 1970களில் சான் பிரான்சிஸ்கோவில் தேடினார்கள். அது ஆரோக்கியமான பறவைகளின் அணுக்களில் முன்பே இருந்தது. வைரஸ்தான் அதைத் திருடிப் போயிருக்கிறது. அந்தச் சோதனைகளைக் கையால் செய்தவர் தொமினிக் ஸ்தெலேன் என்ற பிரெஞ்சுக்காரர். 1976இல் வந்த கட்டுரையில் முதல் பெயர் அவருடையது. 1989இல் நோபல் பரிசு பிஷப், வார்மஸ் இருவருக்கும் போனது. ஸ்தெலேன் வெளிப்படையாகவே ஆட்சேபித்தார். நியாயம் எந்தப் பக்கம் என்று தீர்ப்பு சொல்ல நான் யார்? ஆனால் குறிப்பு எழுதியவர் ஒருவர், கையெழுத்து போட்டவர் இன்னொருவர் என்ற விஷயத்தில் எழுத்தர்களின் அனுதாபம் எப்போதும் ஒரே பக்கம்தான் சாயும்.

இன்னொன்று. அந்தக் கோழிப் புரதமும் முத்திரை குத்துவதுதான். ஆனால் அது குத்தும் இடம் டைரோசின் என்ற அமினோ அமிலம். அப்படி ஓர் இடத்தில் முத்திரை விழும் என்றே அதுவரை யாருக்கும் தெரியாது. 1979இல் டோனி ஹன்ட்டர் அதைக் கண்டதற்குக் காரணம், புதிதாகக் கரைசல் கலக்கச் சோம்பல்பட்டுப் பழையதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தியது. பழையதில் அமிலத்தன்மை சற்று மாறியிருந்ததால் ஒன்றாகத் தெரிந்த இரண்டு புள்ளிகள் தனித்தனியே பிரிந்தன. இதை என் மனைவியிடம் சொன்னபோது, “சோம்பேறித்தனத்துலயும் ஒரு நல்லது நடந்திருக்கு பாருங்க” என்று என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

சரி, மாத்திரைக்கு வருகிறேன். இமாட்டினிப் என்பது அதன் பெயர். சுவிட்சர்லாந்து கம்பெனியில் நிக்கோலஸ் லிடன் குழுவினர் உண்டாக்கியது. இந்த நோய்க்கு அதைக் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று விடாமல் நின்றவர் பிரையன் டிரக்கர் என்ற அமெரிக்க மருத்துவர். 1998 ஜூனில் நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கினார்கள். 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் சாப்பிட்ட 54 பேரில் 53 பேருடைய ரத்த எண்ணிக்கை சீரானது. 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி. அது செய்யும் வேலை இவ்வளவுதான்: அந்த எழுத்தர் மை தொட்டுக்கொள்ளும் குழியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. எழுத்தரை யாரும் வேலை நீக்கம் செய்வதில்லை. அவர் நாற்காலியில்தான் இருக்கிறார், கையை ஓங்குகிறார், குத்துகிறார். காகிதத்தில் ஒன்றும் விழாது.

ஆனால் மாத்திரை ரத்தத்தில் இருக்கும்வரைதான் இது. இல்லாத நாளில் மை மறுபடி ஏறும். இதை நான் படித்தேன், புரிந்துகொண்டேன், அவளுக்கும் சொன்னேன். சொல்லியும் 2011இல் நடந்ததற்குக் காரணம் நான்தான்.

2010இல் ஓய்வு பெற்றேன். பணியில் இருந்தவரை மருந்துச் செலவுக்கு விண்ணப்பம் போட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தேன், ஓய்வுக்குப் பிறகு அது நின்றது. அப்போது இந்தியத் தயாரிப்பு மாத்திரை மாதம் எட்டாயிரம் ரூபாய்க்கு மேல். ஓய்வூதியத்தில் பெரிய துண்டு. எனக்கு எதையும் எழுதிவைக்கும் பழக்கம். ஒரு நீள நோட்டுப் புத்தகத்தில் மாத்திரைக்கு மட்டும் தனிக் கணக்கு வைத்து, மாதா மாதம் கூட்டி, பக்கத்தின் அடியில் சிவப்பு மையில் மொத்தத் தொகையை எழுதுவேன். குறை சொல்ல இல்லை, பழக்கம்தான். நோட்டை அலமாரியில் தானியங்கித் துணிகளுக்குப் பக்கத்திலா ஒளித்துவைக்க முடியும்? மேசைமேல்தான் கிடந்தது.

அந்த நோய்க்கு ரத்தத்தில் அந்தத் தப்புத் தையல் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க ஒரு பரிசோதனை உண்டு, சதவிகிதமாகச் சொல்வார்கள். 0.1க்குக் கீழே போனால் நல்லது. அவளுக்கு 0.08 வரை இறங்கியிருந்தது. அடுத்த தடவை 0.4. அதற்கடுத்து 1.4. டாக்டர் முகம் மாறியது. மருந்து உட்காரும் குழியில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறிவிட்டால்கூட மருந்து பொருந்தாமல் போய்விடுமாம். அப்படி ஒரு மாற்றத்துக்கு அப்போதிருந்த மாத்திரைகள் எதுவுமே கேட்காது. அதைப் பார்க்க ரத்தம் சென்னைக்குப் போனது. முடிவு வர மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் நான் சரியாகத் தூங்கவில்லை. அவள் நன்றாகத் தூங்கினாள். அது எனக்கு விநோதமாக இருந்தது.

மாற்றம் எதுவும் இல்லை என்று வந்தது. டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவளோடு தனியாகப் பேசினார். கால் மணி நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். “ஐயா, அம்மா ஒருநாள் விட்டு ஒருநாள்தான் மாத்திரை போடறாங்க. ஏழெட்டு மாசமா.”

நான் அவளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

“நோட்டுல சிவப்புல எழுதுறீங்களே. நான் படிக்கத் தெரியாதவளா?” என்றாள்.

மாத்திரை வாங்கப் போவது நான், பட்டையைப் பத்திரப்படுத்துவது அவள். சேர்ந்துபோன பட்டைகளை அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்திருந்தாள். அவை தீரும்வரை அடுத்த சில மாதம் வாங்க வேண்டாம் என்று சொல்லி எனக்கு ஆச்சரியம் தர நினைத்தாளாம். அன்று மாலை நோட்டுப் புத்தகத்தைக் கிழிக்க எடுத்தேன். “கிழிக்காதீங்க, மீதிப் பக்கம் வெள்ளையா இருக்கு” என்று வாங்கிக்கொண்டாள். பிறகு பால் கணக்கு அதில்தான் ஓடியது. நாட்காட்டியில் பென்சில் கோடு அந்த வாரம் தொடங்கியது. ஏழு மாதத்தில் 0.1க்குக் கீழே இறங்கிவிட்டது.

அந்த எட்டாயிரம் ரூபாய் எப்படி எட்டாயிரமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அசல் கம்பெனி மாத்திரை அப்போது மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாய். அந்தக் கம்பெனி பலருக்கு இலவசமாகவும் கொடுத்தது, அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் காப்புரிமை கிடைத்திருந்தால் இங்கே வேறு யாரும் மலிவாகச் செய்திருக்க முடியாது. நோவார்டிஸ் கம்பெனியின் விண்ணப்பம் சென்னை காப்புரிமை அலுவலகத்தில் இருந்தது. 2006 ஜனவரியில் நிராகரித்தார்கள். பழைய மருந்தின் புது வடிவத்துக்கு, நோய் தீர்க்கும் திறன் கூடியிருந்தால் ஒழியக் காப்புரிமை இல்லை என்பது நம் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, டி உட்பிரிவு. வழக்கு சென்னை உயர்நீதிமன்றம், மேல்முறையீட்டு வாரியம் என்று போய், 2013 ஏப்ரல் 1ஆம் தேதி உச்சநீதிமன்றத்தில் நீதிபதிகள் ஆஃப்தாப் ஆலம், ரஞ்சனா தேசாய் இருவரும் கம்பெனியின் மனுவைத் தள்ளினார்கள். செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது முட்டாள்கள் தினம் என்பதால் என் மனைவி நம்பவில்லை, மறுநாள் செய்தித்தாள் வரட்டும் என்றாள். ஒரு கோப்பில் யாரோ ஓர் அதிகாரி எழுதிய குறிப்பு என் வீட்டு அரிசி டின் வரை வந்திருக்கிறது. வாழ்நாள் முழுக்கக் கோப்பு தள்ளியவனுக்கு இதைவிடப் பெருமை வேண்டாம், நான் தள்ளிய கோப்பு இல்லை என்றாலும்.

எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. எனக்கு எதிர் மேசையில் 20 வருடம் உட்கார்ந்திருந்த நண்பர் ஒருவருக்கு 2015இல் கணையத்தில் கட்டி. பார்க்கப் போனபோது கேட்டார்: “ஏம்பா, உங்க வீட்ல போடறாங்களே அந்த மாத்திரை, அது எனக்குக் கேக்காதா?”

எனக்குப் பதில் தெரியும். ஆனால் அதை அவரிடம் எப்படிச் சொல்வது? கணையப் புற்றில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கெட்டுப்போவது ராஸ் என்ற புரதம். அது முத்திரை எழுத்தர் இல்லை, வாசலில் நிற்கும் பியூன். கடிதம் வந்தால் கதவைத் திறப்பார், உள்ளே விட்டதும் சாத்துவார். ஓர் எழுத்து மாறினால் சாத்த மறந்துவிடுவார். இந்தப் பியூனிடம் மருந்து போய் உட்காரத் தோதான குழியே கிடையாது, வழவழவென்று இருக்கும் என்று பல பத்தாண்டுகளாக ஆராய்ச்சியாளர்கள் கைவிட்டிருந்தார்கள். ராஸின் ஒரு வகை மாற்றத்துக்கு மட்டும், அதுவும் நுரையீரல் புற்றுக்கு, முதல் மாத்திரை 2021இல்தான் வந்தது. தவிர, என் மனைவியின் நோயில் தொடக்கத்தில் தப்பு ஒரே இடத்தில். மற்றப் பல கட்டிகளில் ஒரு மேசை அடைத்தால் கோப்பு வேறு மேசை வழியாகச் சுற்றிக்கொண்டு போய்விடும்.

நான் அவரிடம், “அது வேற டிபார்ட்மென்ட்டுப்பா” என்றேன். அவர் சிரித்தார். நாலு மாதத்தில் போய்விட்டார். சரியான பதிலா என்று இன்றுவரை தெரியவில்லை.

கடைசியாக ஒன்று. 2014 முதல் அவள் ரத்தத்தில் அந்தத் தையல் கண்ணுக்கே தெரியவில்லை. நாலு வருடம் ஒவ்வொரு பரிசோதனையிலும் இல்லை, இல்லை என்றே வந்தது. கண்ணிமை வீக்கமும் ராத்திரியில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதும் மட்டும் போகவில்லை. இனி நிறுத்திப் பார்க்கலாமா? பிரான்ஸில் பொர்தோ நகர மருத்துவர் பிரான்சுவா-சவியே மாயோனும் மற்றவர்களும் இதைத்தான் சோதித்தார்கள். இரண்டு வருடத்துக்கு மேல் நோய் தென்படாத 100 பேருக்கு மாத்திரையை நிறுத்தினார்கள். 2010இல் வந்த முடிவின்படி, ஒரு வருடமாவது கண்காணித்த 69 பேரில் 42 பேருக்கு நோய் திரும்பியது, அவர்களில் 40 பேருக்கு முதல் ஆறு மாதத்துக்குள். திரும்பியவர்கள் எல்லோருக்கும் மாத்திரையை மறுபடி தொடங்கியதும் கேட்டது. மஜ்ஜைக்குள் தூங்கும் சில மூல அணுக்களுக்கு அந்த முத்திரை இல்லாமலே உயிர் வாழத் தெரியும் என்பதால் மாத்திரை அவற்றைத் தொடுவதில்லையாம்.

இதை அவளுக்குத் தமிழில் வரி வரியாகச் சொன்னேன். இந்தத் தடவை எண்களை மறைக்கவில்லை, சிவப்பு மையும் இல்லை. “பத்துல ஆறு பேருக்குத் திரும்பி வருது, சரி. வந்தா மாத்திரை கேக்குது, அதுவும் சரி. அப்ப நாலு பேர்ல நான் இருக்கேனான்னு பாத்துடலாம்” என்றாள். டாக்டரும் மாதா மாதம் ரத்தம் கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதித்தார். 2018 ஜனவரியில் நிறுத்தினோம்.

முதல் மாதம் இல்லை. இரண்டாவது இல்லை. மூன்றாவது, நான்காவது இல்லை. கண்ணிமை வீக்கம் வடிந்து பழைய முகம் வந்தது. கல்யாண ஆல்பத்தை எடுத்துப் பார்த்தாள். சித்திரையில் கொழுந்தியாள் வீட்டு விசேஷத்துக்குக் காரைக்கால் போய்வந்தோம். ஐந்தாவது மாதம் 0.02. அடுத்த மாதம் 0.3.

அறிக்கையை நான்தான் வாங்கி வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் முகத்தைப் பார்த்துவிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து ஒரு பட்டையை எடுத்துவந்தாள். நிறுத்திய அன்று மீந்ததை எறியாமல் வைத்திருந்திருக்கிறாள்.

“டாக்டர்கிட்ட கேட்டுட்டுப் போடலாமே” என்றேன்.

“கேளுங்க. அதுக்குள்ள தேதி முடிஞ்சுருக்கான்னு பாக்குறேன். என் கண்ணாடி எங்க?”

எட்டு மாதத்தில் மறுபடி காணாமல் போனது. கண்ணிமை மறுபடி வீங்கியது. மாத்திரை விலை இப்போது பழைய விலையில் ஒரு பங்குதான், அதற்கு நான் நோட்டு போடுவதில்லை. அடுத்த பரிசோதனை வருகிற வியாழக்கிழமை. காலையில் சாப்பிட்டுவிட்டே போகலாம், வெறும் வயிறு தேவையில்லை என்று சொன்னாலும் அவள் காபி மட்டும்தான் குடிப்பாள். திரும்பி வரும்போது மார்க்கெட்டில் இறங்கி மீன் வாங்க வேண்டும் என்று இன்றே சொல்லிவிட்டாள்.